கசிவு

"கழட்டு" என்றார் கோதண்டராமன்.

ஹெலன் வெதுவெதுப்பான உப்பு நீருக்குள் கைவிட்டு, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அந்த இணைப்பைக் கழற்றினாள். ஈரக் கையுறை வழுக்கியது.

ஆபரேஷனில் டாக்டரின் விரல்கள் ஈரமாகத்தான் இருக்கும், அதனால் கையுறையோடுதான் சோதிக்க வேண்டும். அது சோதனைப் பிரிவுத் தலைவர் கோதண்டராமன் போட்ட சட்டம்.

"மாட்டு."

மாட்டினாள்.

"மறுபடி கழட்டு."

ஜன்னல் வழியே தோல் பதனிடும் டேனரியின் வாடை வந்தது. சுற்றி நின்ற சக இன்ஜினியர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கை நடுக்க நோயாளிகளுக்கு மூளைக்குள் ஒரு கம்பி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு பேட்டரிப் பெட்டி. பேட்டரி தீரும்போது பெட்டியை மட்டும் மாற்ற வேண்டும். மூளைக் கம்பியைத் தொடக்கூடாது. இரண்டையும் சேர்க்கவும் பிரிக்கவும் உதவுகிற இந்த இணைப்புதான் ஹெலனின் இரண்டு வருட உழைப்பு. உடம்பின் ஈரம் உள்ளே போகாதபடி அதில் சிலிக்கோன் ரப்பர் வளையங்கள் வைத்திருந்தாள்.

ஏற்கெனவே இரண்டு முறை அதை வேண்டாம் என்று கோதண்டராமன் தள்ளிவிட்டார்.

போன முறை எல்லோர் முன்னாலும், "நீ ஆம்பூர்ல ஷூவுக்கு லேஸ் கோக்கத்தான் லாயக்கு" என்றார். அவளுடைய அப்பாவுக்கு அங்கே ஷூ கம்பெனியில் வேலை என்று தெரிந்தேதான் சொன்னார்.

அன்றிலிருந்து ஹெலன் அவருக்கு வணக்கம் வைப்பதில்லை.

நீருக்குள் மின்சாரம் கசிகிறதா என்று காட்டும் மீட்டரில் முள் லேசாக அசைந்தது.

"கசியுது" என்றார்.

"ரொம்ப கம்மி சார். இத்தன தடவ எந்த டாக்டரும் கழட்ட மாட்டாரு."

"கை தடுமாறினா கழட்டுவாரு. இது வேணாம். வளையத்த மாத்து."

வேலூர் ஆஸ்பத்திரியில் முதல் நோயாளிக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன். இப்போது தள்ளிப்போனால் இன்னும் பல மாதம் ஆகும்.

"அங்க ஒரு மனுஷன் சோத்த அள்ளி வாய்ல வைக்க முடியாம உக்காந்துனு இருக்காரு சார். உங்களுக்கு ஈவு இரக்கமே இல்லியா?"

அவர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

ஹெலன் தொட்டியை நகர்த்தும்போது மேசைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. அதைக் கையில் எடுக்காமலே அவர் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"ராமமூர்த்தி பேசறேன்" என்றது வேலூர் டாக்டரின் குரல். "பாஸாயிடுச்சா சார்?"

"இல்ல டாக்டர்."



"அப்ப திங்கட்கிழமை உங்க ஆபரேஷன் இல்ல. உங்க கை நடுக்கத்துக்கு மாத்திரைய ஏத்தித் தர்றேன். ஆனா இனிமே அது ரொம்ப கேக்காது சார்."

கோதண்டராமன் போனை அணைக்கப் பார்த்தார். விரல் திரையில் வழுக்கி வழுக்கிப் போனது. "சார்? லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் டாக்டர்.

ஹெலன் கை நீட்டி அணைத்தாள்.

"உன்ன யாரு தொடச் சொன்னது?" என்றார் அவர்.

அவள் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு, வளையங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்.