தலைப்பிறை

மடவளைப் பள்ளிவாசல் முற்றத்தில் மேகத்தை அண்ணாந்து பார்த்துச் சலித்தவர்கள் கலைந்துபோனார்கள். அசனார் மட்டும் மதில்மேல் ஏறி நின்று இன்னும் நோன்புப் பிறையைத் தேடினார்.

“சோத்துக்கு ஆலாப் பறக்கிற ஆக்களைக் கண்டிருக்கேன். நோன்புக்கு ஆலாப் பறக்கிறது நீங்க மட்டுந்தான், அசனார் நானா!” என்று மெச்சினார் தொழுகை நடத்தும் பள்ளி லெப்பை.

“இன்னும் கொஞ்சம் பாப்போமே, லெப்பை...” அசனார் மதிலைவிட்டு இறங்கவில்லை.

“பிறை இல்ல. நாளைக்கில்ல, நாளையண்டைக்குத்தான் நோன்பு. நாளைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுக்கோங்க.”

தேயிலை விலை விழுந்ததிலிருந்து தோட்டங்களில் யாரும் வாங்காத புடவை மூட்டையைச் சுமந்துகொண்டு அசனார் வீடு வந்தார். மனைவி பாத்தும்மா கழுவிய சட்டியோடு வாசலிலேயே நின்றாள்.

“பிறை கண்டாச்சா? நாளைக்குப் பள்ளியில நோன்புக் கஞ்சி குடுப்பாங்களா? புள்ளைகளுக்கு இனித் தாங்கேலா.”

“இல்ல புள்ள. நாளைக்கும் பட்டினிதான். நோன்பு நாளையண்டைக்குத்தான்.”