இடது கோடிக் கட்டை

பியானோவின் இடது கோடிக் கட்டைக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

"கோடை வகுப்பு தொடங்கி இருபது நாளாச்சு. ஒரு டஜன் பிள்ளைங்க வர்றாங்க. ஒரு விரலாவது என் மேல பட்டுச்சா? நிறைவு விழாவுக்கு ஒரே பாட்டாம், அதுக்கு நடுவுல ஒன்பது கட்டை போதுமாம். அப்ப மிச்சம் பேரு நாங்க எதுக்கு, தூசி தாங்கவா?"

காலையிலிருந்து அடிவாங்கி நடுக்கட்டைக்கு அலுத்துப்போயிருந்தது.

அன்று டீச்சர் போன் பேச வெளியே போனதும், ஆறு வயது ஷெரின் நகர்ந்து வந்து இடது கோடிக் கட்டையை ஓங்கி அமுக்கினாள். அறைக்குள் இடி உருண்டது.

"ஐயோ, பூதம்!" என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டீச்சர் ஓடிவந்தார். "அது நம்ம பாட்டுல கிடையாது! கையை எடு!"

சிரிப்பு அடங்கியது. ஷெரின் தலையைக் குனிந்துகொண்டு பழைய பாட்டையே முதலிலிருந்து தொடங்கினாள்.

"பாத்தியா அநியாயத்தை!" என்று குமுறியது இடது கோடிக் கட்டை. "இருபது நாள்ல ஒரே ஒரு தடவை. அதுக்கும் திட்டு!"

நடுக்கட்டைக்குப் பொறுக்கவில்லை.

"நீ வாயை மூடு! இருபது நாளா அத்தனை பிள்ளைங்களும் என்னைத்தான் அமுக்குறாங்க. அதுல ஒண்ணாவது சிரிச்சு நீ பாத்தியா?"