புல் முளைக்காது

சிமென்ட் தளம் விரிசல் விடும், கருங்கல் மழையில் வழுக்கும், வீட்டு வாசலில் கார் ஏறி இறங்க பேவர் கல்தான் சரி என்றார் கான்ட்ராக்டர். "இடுக்குல ஒரு புல்லு முளைக்காது டீச்சர். நான் கேரண்டி."

புல் முளைக்கவில்லைதான். கல் பதித்த பத்தாம் நாள், கேட்டிலிருந்து வாசற்படிவரை இடுக்குக்கு இடுக்கு முடி முளைத்தது. கருகருவென்று, எண்ணெய்ப் பிசுக்கோடு. சோற்றில் ஒரு முடி கிடந்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற டீச்சர் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒட்ட வெட்டினாள். மறுநாள் காலையில் அதே நீளம். ஈரமாக, அவளுடைய ஷாம்பு வாசனையோடு. கணவர் பாட்டுக்கு அதன்மேல் காரை ஏற்றிக்கொண்டு ஆபீஸ் போனார். டயரில் சுற்றிய கற்றையை நோண்டி எடுக்கிற வேலையும் இவள் தலையில்தான் விழுந்தது.

போனில் கத்தியதும் கான்ட்ராக்டர் வந்தார். முடியைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து சீப்பை எடுத்து, சிக்கு இழுக்காமல் நுனிவரை வாரிவிட்டார். அதே சீப்பால் தன் தலையையும் ஒரு வாரு வாரப் போனவர் சட்டென்று நிறுத்தி, எதையோ கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கினார்.

"என்ன டீச்சர், பேன் விழுந்திருக்கு?" என்றார் குறையாக. "நான் போடும்போது சுத்தமா இருந்துச்சே. உங்ககிட்டேருந்துதான் தொத்தியிருக்கணும்."

டீச்சருக்குப் பிடரியில் அரித்தது.