மூன்றாவது பஸ்

"இதுவும் வேண்டாங்க. அடுத்த பஸ்ல போகலாம்" என்றாள் மனைவி.

கட்டிங் மாஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாதி சீட்டு காலியாகப் போன இரண்டாவது பஸ் அது.

"ஏறப் பயப்படுறவன் நானா, நீயா? எனக்கு வந்த வியாதி உனக்கும் தொத்திக்கிச்சா?"

"கிண்டல் பண்ற அளவுக்குத் தேறிட்டீங்களே, அதுவே போதும்."

ஆற்றுப் பாலத்தில் பஸ் கவிழ்ந்ததிலிருந்து மாஸ்டர் பஸ் பக்கமே போனதில்லை. கண்ணை மூடினால் கண்ணாடி நொறுங்கும் சத்தம். கத்தரியைப் பிடித்தால் வெட்டு கோணலாகப் போகும். தையல் கூடமோ பாலத்துக்கு அந்தப் பக்கம். இன்றைக்கும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

"காலையில மாத்திரை போடலையே?" என்றாள் மனைவி.

"போட்டு என்னத்தைக் கண்டேன்? பாலம் இன்னும் கண்ணுக்குள்ளேயேதான் நிக்குது."

"அது மறக்க வைக்கிற மருந்து இல்லைன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரே. பயத்தைக் கொஞ்சம் அடக்கும், மிச்சத்துக்கு நீங்கதான் ஏறி இறங்கிப் பழகணும்னாரு. இப்பல்லாம் அலறிக்கிட்டு எழுந்திருக்கிறது குறைஞ்சிருக்கா இல்லையா?"

"அதெல்லாம் சரி. எத்தனை தடவை கேட்டுட்டேன், இதைச் சாப்பிட்டுப் பழையபடி வேலைக்குப் போன ஒரே ஒரு ஆளைக் காட்டு. அப்புறம் வாயே திறக்காம முழுங்கறேன்."

மூன்றாவது பஸ் வந்தது. முதல் இரண்டையும்விட இதில்தான் கூட்டம். "ஏறுங்க, ஏறுங்க" என்று மனைவி அவரைத் தள்ளாத குறையாக ஏற்றி, டிரைவருக்குப் பின்னால் இடம் பிடித்து உட்கார வைத்தாள். அன்றைக்கு அவர் உட்கார்ந்திருந்தது கடைசி சீட்டு.

பாலம் நெருங்கியது. மாஸ்டர் வெளியே பார்க்கப் பயந்து டிரைவரின் கைகளையே பார்த்தார். ஸ்டியரிங்கைப் பதறாமல் பிடித்திருந்த கைகள். எதிரே வந்த லாரி காதைப் பிளக்கிற மாதிரி ஹார்ன் அடித்தது. மாஸ்டர் திடுக்கிட்டு மனைவியின் தோளைப் பிடித்தார். டிரைவரின் கைகள் அசையவில்லை. பஸ் அலுங்காமல் பாலத்தைக் கடந்தது.

மாஸ்டருக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது. "என்ன நிதானம் பாரு! அன்னிக்கு ஓட்டினானே ஒருத்தன், டயர் வெடிச்சதும் பதறிட்டான். அவனுக்கு மட்டும் இப்படி ஒரு கை இருந்திருந்தா..."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் மாஸ்டர் டிரைவரிடம் போனார். "உங்க கையைப் பார்த்துக்கிட்டேதான் பாலத்தைத் தாண்டினேன், தம்பி. ரொம்ப நன்றி."

டிரைவர் லேசாகச் சிரித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். மாஸ்டர் தினமும் திட்டிக்கொண்டே பிரிக்கிற அதே பச்சை அட்டை.

"ஒரு ஆளைக் காட்டச் சொன்னீங்களே" என்றாள் மனைவி. "டாக்டர் வீட்டு வாசல்ல இவர் சம்சாரத்தைப் பார்த்துப் பேசி வெச்சேன். இன்னிக்குத்தான் மறுபடி வண்டி எடுக்கிறாரு."

டிரைவர் தண்ணீர் பாட்டிலை மாஸ்டரிடம் நீட்டினார்.

"நானும் உங்களைக் கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் பாலத்தைத் தாண்டினேன், அண்ணே. அன்னிக்கு அந்த பஸ்ஸை ஓட்டினவன் நான்தான்."