மிக்சிக்குள் சிவப்பு நூல்

"இதுக்கு முன்னாடி இத யாரு கழட்டினது?"

கடைக்காரன் இளவரசன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். குரல் சரியாக இல்லை.

பச்சமுத்து விழித்தான். கல்வராயன் மலையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் இறங்கியவன் அவன். நிறைமாதமாக இருக்கும் மனைவி அம்சவள்ளிக்கு மருந்து வாங்க வந்தவன், கையோடு கொண்டுவந்த மிக்சியை இந்தக் கடையில் கொடுத்திருந்தான். பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

"எங்க ஊர்ல ஒரு அக்கா ரிப்பேரு பாக்கும்ங்க. மிக்சி, ஃபேனு, கிரைண்டரு எல்லாம். நேத்து இதயும் தெறந்து பாத்துச்சு. என்னால ஆவாது, கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டுல இந்தக் கடைக்கு எடுத்துனு போன்னுச்சு."

"இந்தக் கடைக்கேவா?"

"ஆமாங்க. வேற எங்கியும் குடுத்துடாதன்னு ரெண்டு தபா சொல்லிச்சு."

இளவரசன் மோட்டாரை வெளிச்சத்துக்குத் திருப்பினான். உள்ளே செம்புக் கம்பிச் சுருளைச் சிவப்பு நூல் கொண்டு இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சின் மேல் முடிச்சாக மூன்று.

"எல்லாரும் வெள்ள நூல்லதாண்ணே கட்டுவாங்க. செவப்பு நூலு, மூணு முடிச்சு... இந்தக் கட்டு ஒரே ஒரு ஆளுதான் கட்டும்."

சொல்லிவிட்டு அவன் சுவரைப் பார்த்தான். பச்சமுத்துவும் பார்த்தான்.

சிவப்பு ஜீரோ வாட் பல்பு. பிளாஸ்டிக் மாலை. சட்டத்துக்குள் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதில் இடது புருவத்தில் வெட்டுத் தழும்போடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பச்சமுத்து போஸ்டரைப் பார்த்துக் கையை நீட்டினான். "இந்த... இந்த அக்காதாங்க..."

இளவரசன் சட்டென்று அவன் கையைப் பிடித்து அழுத்தினான்.

வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவன் அப்பா பொன்னுரங்கம் திரும்பாமலே கேட்டார். "இன்னாடா அங்க?"

"ஒண்ணுமில்லப்பா. நம்ம தனுஷா போட்டோவ யாருன்னு கேக்கறாரு."

"செத்துட்டா, ரெண்டு வருசமாச்சுன்னு சொல்லு." பேப்பர் ஒரு பக்கம் புரண்டது. "மிக்சி குடுக்க வந்தவருக்கு அது இன்னாத்துக்கு?"

இளவரசன் தலையைக் குனிந்துகொண்டான். மறுக்கவில்லை.

போஸ்டரில் மறைந்த தேதி இருந்தது. ஆனி மாதம், ரெண்டு வருசம் முன்னால். பச்சமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டான். ஊர்க்கார ராசு அந்த அக்காவைக் கூட்டிவந்ததும் அதே ஆனி மாதம்தான். எங்கிருந்து என்று அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. வந்ததிலிருந்து ஒருநாள்கூட அவள் மலையைவிட்டுக் கீழே இறங்கியதில்லை. டவுன் பஸ் வந்து நின்றால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். யாராவது செல்லை எடுத்து போட்டோ பிடிக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எப்போதும் தரையைத் தொடுகிற சேலை. அவள் காலைப் பார்த்ததாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை.

இன்று காலையில் அதே அக்கா சொன்னது காதில் கேட்டது. 'நீ போயிட்டு வா. அம்சவள்ளிய நான் பாத்துக்கறேன். நீ வர்ற வரிக்கும் உங்க வூட்டுலதான் இருப்பேன்.'

செல்லை எடுத்து அடித்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தான். அதே குரல்.

"மிக்சி கெடக்கட்டும்ங்க, நான் கெளம்பறேன்."

"இருங்கண்ணே. முடிஞ்சிடுச்சு." இளவரசன் எதையோ தொட்டான், மாட்டினான், சுவிட்சைப் போட்டான். மிக்சி உறுமியது. பச்சமுத்து ஒரு அடி பின்னால் நகர்ந்தான். "வாங்க, பஸ் ஸ்டாண்டுல வுடறேன். அப்பா, தோ வந்துடறேன்."

வண்டி ரோட்டு முனை திரும்பியதும் இளவரசன் கேட்டான்.

"அவ நல்லா சாப்புடறாளா?"

பச்சமுத்து பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்தான். "இன்னாங்க கேக்கறீங்க? வூட்டுல என் பொண்டாட்டி நெறமாசமா, அந்த அக்காகூடத் தனியா இருக்குதுங்க. அது... எதனா பண்ணிடுமா?"

"அவ பக்கத்துல இருக்கறது நல்லதுதாண்ணே. எதுக்கும் பயப்பட மாட்டா."

பஸ் ஸ்டாண்டில் கல்வராயன் மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பச்சமுத்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். இளவரசன் மிக்சிப் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தான். பைக்குள் ஒரு உருண்டை சிவப்பு நூலும், கைப்பிடி தேய்ந்த பழைய டெஸ்டரும் கிடந்தன.

"இது ரெண்டும் அவளுது. குடுத்துடுங்க."

"செத்தவங்ககிட்ட எப்படிங்க குடுக்கறது?" பச்சமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மிக்சிய அவளே சரி பண்ணிட்டாண்ணே. அப்புறம் ஒரே ஒரு ஒயரப் புடுங்கிவுட்டு அனுப்பியிருக்கா. நான் தெறந்து பாக்கணும்னு."

பஸ் நகர்ந்தது. இளவரசன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தான்.

"என் கூடப் பொறந்தவண்ணே அவ. எங்களக் கேக்காம உங்க ராசுவக் கட்டிக்கினா. மறுநாளே எங்கப்பா கண்ணீர் அஞ்சலின்னு போஸ்டர் அடிச்சிட்டாரு. செவுத்துல பசை தடவி ஒட்டினது நான்தாண்ணே." கம்பியை விட்டான். "அப்பதான் இந்த மலை பஸ்ஸு போச்சு. ஜன்னலோரமா உக்காந்துகினு, அவ பாத்துகினே போனா."