ஜாடியில் ஊறிய பழம்

டிசம்பர் பிறந்ததும், கிறிஸ்துமஸ் முடியும்வரை ஒரு சொட்டுக்கூடக் குடிப்பதில்லை என்று ஆவூர் கோயிலில் நேர்ந்துகொண்டார் சவரிநாதன்.

அதிசயம்! இருபத்தைந்து நாளும் அவர் கடைப்பக்கமே போகவில்லை. மருமகள் ஃபெமினா யூடியூப் பார்த்துக் கேக்குக்காக ஊறவைத்திருந்த பழ ஜாடியைக் கிளறும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். கிளறிவிட்டு, வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாகப் படுத்துவிடுவார்.

"எம் புருசனுக்குப் புனிதர் பட்டம் குடுக்காததுதான் பாக்கி" என்று மனைவி சூசைமேரி தெருவெல்லாம் சொல்லி வந்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று கேக்கில் கத்தி பட்டதும் மணலாக உதிர்ந்தது. பழத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"ரெண்டு கிலோ பழம் வாங்கினியே, எங்கடி?"

"தெரியலைங்க அத்தை. கிளறக் கிளறக் கொறைஞ்சுக்கிட்டே போச்சு."

"மொடாக்குடிகாரரே திருந்திட்டாரு. ஒனக்கு ஒரு கேக்கு மெத்துனு சுடத் துப்பில்ல. இந்த மனுசனப் பாத்துக் கத்துக்க!"

'இந்த மனுசன்' பக்தியோடு கிறிஸ்துமஸ் குடிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூசைமேரி காலி ஜாடியைக் கழுவ எடுத்துப்போய் மூடியைத் திறந்தாள். சட்டென்று மூக்கைப் பொத்தினாள்.

"ஏய், திராட்சை ஜூஸுலதான் ஊறுதுன்னு சொன்னே?"

ஃபெமினா தலைகுனிந்தாள். "ரம்முன்னு சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னுதான் அத்தை..."

சூசைமேரி மெதுவாகப் புருசன் பக்கம் திரும்பினாள்.

சவரிநாதன் பதறிப்போய் எழுந்தார்.

"மாதா மேல சத்தியமா நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல மேரி. மென்னுதான் முழுங்கினேன்!"