குருவி கேட்ட ஒரு வாய்த் தண்ணீர்

கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் ஒரு செம்பும் குடமும் வாளியும் இருந்தன. நா வறண்டு, சாகிற நிலையில் ஒரு குருவி தத்தித் தத்தி வந்து, ஒரு வாய் தண்ணீர் கேட்டது.

"தண்ணியா? என்கிட்ட இருக்கிறது தீர்த்தம். கை நீட்டி வாங்கணும். உனக்குக் கை ஏது?" என்றது செம்பு.

"என்னுது குடிநீர். நீ வாய் வச்சா எச்சிலாயிடும்" என்றது குடம்.

"என்னுது கழனித்தண்ணி, தாயி. மாட்டுக்கு வச்சது" என்றது வாளி.

குருவி கண் செருகிச் சாய்ந்தது. அப்போது கொட்டியது பாருங்கள் ஒரு மழை! மூன்றும் நிரம்பி வழிந்து, முற்றமெல்லாம் ஒரே நீராகி, அதற்குள் முழு வானமும் தெரிந்தது. குருவி சிலிர்த்தெழுந்து அதில் அலகை வைத்தது.

செம்பு மெல்லக் கேட்டது: "அம்மாடி! இதுல என் தீர்த்தம் எது, குருவி?"

குருவி குடித்துக்கொண்டே இருந்தது.